பெச்சுவானாலாந்துக்கு ஒரு மூட்டை

உண்டியல் குலுக்குவதும் ஒரு தொழில்தான். அதில் கை வலிப்பதற்கு முன்னால் முகம் வலிக்கும்.

எனக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, தோல் பதனிடும் கம்பெனி என்னை வேலையைவிட்டு நீக்கியது. இரண்டாவது, நான் கட்டிய சங்கத்துக்கு எனக்குப் பின்னால் வந்தவன் செயலாளரானான். மூன்றாவது, உண்ணாவிரதப் பந்தலில் நான் ஒளிந்து வடை தின்றதாகப் புரளி கிளப்பினார்கள். நான் வடை தொடுவதே இல்லை. நான்காவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் பறிபோக இருந்தது என்னுடையது அல்ல, பம்பாய் தாராவியில் இட்லி விற்ற இசக்கியம்மாளின் ரேஷன் கார்டு. உண்டியல் தூக்கிய தோழர்களே, உங்களுக்காவது இது புரியட்டும்.

குழாயடிக் கூட்டம்

அறுபதுகளின் நடுவில், துறைமுகத்து நண்பர் ஒருவர் படம் போட்ட ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்று கொடுத்தார். ஆப்பிரிக்காவில் பெச்சுவானாலாந்து என்றொரு நாடு. வருஷக்கணக்காக மழை இல்லை. விதைத்த சோளம் கருகிவிட்டது. வற்றிய குட்டைகளைச் சுற்றி மாடுகள் செத்துக் கிடக்கின்றன. அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கி, தாராவிக் குழாயடியில் நின்று முழங்கினேன். காசு வேண்டாம், வீட்டுக்கு ஒரு பிடி தானியம் போதும் என்றேன். எங்கள் ரேஷனையே அப்போது குறைத்திருந்தார்கள். இருந்தாலும் பட்டினிக்கு ஊர் கிடையாது என்பது என் கொள்கை.

தோல் கிடங்கில் சுமை தூக்கும் சுடலைமுத்து கடைசி வரை நின்று கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மழ இல்லாமத்தான் அண்ணாச்சி நானும் ஊர விட்டு வந்தேன். அன்னைக்கு எந்த நாட்டுக்காரன் எனக்குப் பிடி அரிசி எடுத்தான்?"

மாதுங்காவில் பூகோளம்

பக்கத்து மாதுங்காவிலும் வீடு வீடாகக் கேட்டுப் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. துண்டறிக்கையை இரண்டு முறை படித்தார். உள்ளே போய்த் தேசப்படப் புத்தகத்தை எடுத்துவந்து, ஜன்னல் திட்டில் விரித்து, விரலால் தேடினார். நான் கோணிப்பையோடு வாசலிலேயே நின்றேன். அவர் மனைவி ஒரு பிடி கோதுமையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எதற்கு என்றுகூடக் கேட்காமல் உள்ளே போனார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "சமுத்திரமே இல்லாத தேசம்ங்காணும். உம்ம கப்பல் எங்கே போய் நிக்கும்?"

சிவப்புச் சோளம்

மூட்டை என்னவோ நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தால் முக்கால்வாசியும் ரேஷனில் வந்த அமெரிக்கச் சிவப்புச் சோளம். எங்கள் ஜனங்கள் வாயில் வைக்க முடியாமல் ஒதுக்கியது. நமக்கு ஆகாததைக் கொடுப்பதா உதவி என்று கத்தினேன். மூட்டை இருந்தது இசக்கியம்மாளின் குடிசையில். கணவன் இல்லாதவள், இட்லி அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். கார்டில் உள்ள அளவுக்கு மேல் தானியம் வைத்திருந்தால் குற்றம். பிடிபட்டால் கார்டு போகும். கார்டு போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. இரண்டே நாள் என்று சொல்லித்தான் வைத்தேன். எந்தக் கப்பல் கம்பெனியும் அதை ஏற்கவில்லை. வாரங்கள் ஓடின.

"அந்த ஊர்ல என்ன திங்காவ?" என்று கேட்டாள். துண்டறிக்கையைப் புரட்டினேன். சோளம்தான். வெளியிலிருந்து வரும் சோளத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று போட்டிருந்தது. இட்லித் தட்டைத் துடைத்தபடியே அவள் யோசித்தாள்: "அவியளும் கியூலதான் நிக்காவளா? அப்பம் நமக்கு முன்னால நிக்காவளா, பின்னால நிக்காவளா?"

மூட்டை யாருடையது

யாரோ துப்புக் கொடுத்து, ரேஷன் இன்ஸ்பெக்டரும் ஒரு போலீஸ் ஹவில்தாரும் வந்தார்கள். நான் முன்னால் போய், சரக்கு என்னுடையது, என்னைக் கைது செய்யுங்கள் என்றேன். "இது உன் வீடா?" இல்லை. "உன் கார்டு எங்கே?" அரசாங்கத்திடம் கையேந்துவதில்லை என்று நான் கார்டே வாங்கியதில்லை. வீடும் கார்டும் இல்லாதவனுக்கு மூட்டை எப்படி இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். பிறகு இசக்கியம்மாளின் கார்டைக் கேட்டார். அவள் அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், "எங்களுது இல்ல சாப். அந்த நாட்டுக்காரவிய மூட்டை. வந்து கேட்டா குடுத்திருவோம்" என்றாள். சாட்சிக்குப் பிடித்துவந்த டீக்கடைக்காரரும் நாவிதரும், தாங்களும் ஆப்பிரிக்காவுக்கு ஒரு பிடி போட்டதாகச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நான் நீட்டிய துண்டறிக்கையில் இருந்த மாட்டின் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூட்டையை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டார்.

ஹவில்தார் மராத்தியில் பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் கையெழுத்திடும் பறிமுதல் பத்திரம், எழுதினார். சாட்சிகளுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. மேடைக் குரலிலேயே படித்தேன்: "சரக்குக்குச் சொந்தக்காரர், பெச்சுவானாலாந்து. தகப்பன் பெயர், தெரியாது. இருப்பிடம், ஆப்பிரிக்கா." நாவிதர் பெருவிரலை மையில் தோய்த்தார்: "ஆளப் பாத்ததில்ல. ஆனா சரிதான்."

பசித்தவர்கள் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று எனக்கு இன்னும் குழப்பம்தான், ஆனால் அந்த மூட்டை யாருடையது என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகமே இல்லை.