இடுப்பளவுத் தண்ணீர்

மச்சானுக்கு நீச்சல் தெரியாது. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தங்கையும் அவரும் மகளும் லண்டனிலிருந்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்திருந்தார்கள். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், "ஒருக்காத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று மச்சான் கேட்டார். எங்கள் ஊர்க் குளத்துக்குப் புறப்பட்டோம். தூண்டிலுக்கும் முதல் அவர் ஓட்டோவில் ஏற்றியது காற்றடித்த ஒரு லொறி டியூப்.

குளக்கட்டில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நின்ற கோலம் எனக்குச் சிரிப்பை மூட்டியது.

"என்ன மச்சான், கடலுக்கே போறியள்? இடுப்பளவுத் தண்ணிதான். நான் சின்னனில குறுக்கால நடந்து பள்ளிக்கூடம் போன குளம்."

"உண்மையாவோ?"

"ஓம், நம்பி இறங்குங்கோ. அதை ஓட்டோவில வையுங்கோ, பாக்கிற சனம் சிரிக்கும்."

அங்கே சனமே இல்லை. தூரத்து வயலில் ஒருவர் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். என்றாலும் மச்சான் டியூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

சண்டையில் இடம்பெயர்ந்து போன நான் ஊருக்குத் திரும்பியது பதினைந்து வருடம் கழித்து. வந்த பிறகு அந்தக் குளத்தைக் கட்டில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் இறங்கியதில்லை. மச்சானுக்கு நான் சொன்னது என் பத்து வயதில் இருந்த ஆழம். ஆனால் யாரும் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்றிருப்பேன். ஊர்க்காரன் என்ற அப்படியொரு தடிப்பு எனக்கு.

இரண்டு பேரும் இடுப்பளவில் நின்றுதான் தூண்டில் போட்டோம். மச்சான் ஒரு விரால்கூடப் பிடித்தார். கையில் துள்ளிய அந்த மீனைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அடுத்த முறை தூண்டில் எதிலோ சிக்கியது. கழற்றுவதற்கு இரண்டடி முன்னால் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆள் இல்லை.

மூழ்கி மூழ்கித் தேடினேன். காலுக்குக் கீழே நிலமே இல்லை. என் கூச்சல் கேட்டு வயலில் நின்றவர் ஓடிவந்தார்.

"அதுக்குள்ள றோட்டுக்கு மண் அள்ளின கிடங்கு கிடக்கெல்லோ! ஊர்க்காரன், உங்களுக்குத் தெரியாதோ?"

அவரும் நானுமாகத்தான் மச்சானை வெளியே எடுத்தோம். எடுக்கும்போதே உயிர் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் தங்கை அழுதழுது சொன்னாள்: "அண்ணா எவ்வளவு சொல்லியிருப்பார். இவர்தான் சொல்வழி கேளாமல் ஆழத்துக்குப் போயிருப்பார்." நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். நடந்ததைச் சொல்வதற்கு அடக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு, எட்டாம் நாள் சடங்கு முடியட்டும் என்று நினைத்தேன். அவர்கள் லண்டனுக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

போன கிழமை மருமகள் போனில் வந்தாள். வயது ஒன்பது.

"மாமா, அப்பா ஏன் நீங்கள் சொன்னதைக் கேக்கேல்லை?"

கேட்டவர்தானம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் இறங்கினார்.

"தெரியேல்லையம்மா" என்றேன்.