மாலை போட்ட கேக்

என் பொண்டாட்டி முருகேஸ்வரி கேக் சுடும் நாளில் வண்டிப்பெரியாறே மணக்கும். பஸ் கண்டக்டர்கள் மூக்கை நீட்டிக்கொண்டு விசிலடிக்க மறந்துவிடுவார்கள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள் அவள். கிறிஸ்துமஸ் லீவு வந்தால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கேக் கொடுத்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜிஜி சேச்சி சொல்லிக்கொடுத்த வேலை. சேச்சி திராட்சையை ரம்மில் ஊறவைப்பார். இவள் பால் விடாத கடுஞ்சாயாவில் ஊறவைப்பாள். "இந்த வீட்டுல ரம்ம வச்சா திராட்சைக்கு மிஞ்சாது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். மணல் பரப்பிய இரும்புச் சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, மூடிமேல் கங்கு அள்ளிக் கொட்டினால் அதுதான் எங்கள் அடுமனை.

போன வருஷம் ஒரு கேக் மட்டும் லாரி டயர் அளவுக்கு வந்தது. அது என் தம்பி அருண்பாண்டிக்கு. ஆடி மழையில் மண் சரிந்து, ஜீப் வர வழியில்லாத அன்று, காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த இவளை முதுகில் சுமந்துகொண்டு மெயின்ரோடு வரை நடந்தவன் அவன். நான் கீழே கம்பம் டவுனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். முருகேஸ்வரி ஒன்றும் மல்லிகைப்பூ இல்லை, ரெண்டு மூட்டை யூரியா. அவன் நடந்திராவிட்டால் இன்று இப்படிக் கிண்டலடிக்க எனக்கு ஆளில்லை.

கேக்கோடு, எஸ்டேட் வரிசைவீடுகளில் அவன் இருக்கும் லயத்துக்குப் போனோம், என் அம்மா மூக்கம்மாளும் கூட. வாசலில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நின்றான்.

"காலையிலதான் மாலை போட்டேன் மதினி. மகரவிளக்குக்குப் போறேன்."

"ஐயோ, பத்து முட்டை போட்டிருக்கேனே சாமி!" மாலை போட்டதும் கொழுந்தன் சாமியாகிவிட்டான்.

"ஒங்களுக்காகத்தான் மதினி. அன்னைக்குத் தூக்கிட்டு வரும்போது, 'ஐயப்பா, இவுக பொழைச்சா ஒன் மலைக்கு வாரேன்'னு நேந்துக்கிட்டேன்."

மூன்று ரேடியோவுக்குச் சமமாகப் பேசுகிறவள், கேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் மெதுவாகக் கேக்கை நோக்கிக் கை நீட்டினேன். பட்டென்று ஓர் அடி.

"அவரு மலையிறங்கி வந்து, மாலையக் கழட்டிட்டு வெட்டட்டும்" என்றாள்.

"ஏட்டி, இந்த ஈரத்துக்குப் பூசணம் பூத்துரும். இப்பவே தின்னுருவோம்" என்றாள் அம்மா.

"பூக்காது அத்தே. பூக்க விடமாட்டேன்."

கேக் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, தகர டின்னுக்குள் போய், அடுப்புக்கு மேலே பரணில் ஏறியது. "சரிதான், கேக்கும் மாலை போட்டிருச்சு. கன்னிசாமி!" என்றாள் அம்மா. அன்றுமுதல் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "மேல இருக்க சாமி சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பு. முருகேஸ்வரி தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் டின்னைத் திறந்து மோந்து பார்ப்பாள். ஒரு குரங்கு வந்து கை வைத்தது. அவள் துரத்திய துரத்தலில் அது தேக்கடியைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்திருக்கும்.

மகரவிளக்கு முடிந்து, டவுன் கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு அருண்பாண்டி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் சபரிமலை அரவணைப் பாயச டின். இவள் பரணிலிருந்து கேக் டின்னை இறக்கினாள். அம்மா எட்டிப் பார்க்க, மூடியைத் திறந்தாள்.

ஒரு பொட்டுப் பூசணமில்லை!

அவன் முதல் துண்டை வெட்டி அவள் கையிலேயே கொடுத்தான். "நீங்க இருக்கப் போயித்தான மலையேறுனேன். தின்னுங்க." பிறகு தானும் கடித்தான். "ஒரே புகைவாடை மதினி, அடுப்புக்குள்ள உக்காந்து தின்ன மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா தம்பி?"

வாய் நிறையக் கேக்கோடு அவன் அடுத்த துண்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு ரெண்டு துண்டு கிடைத்தது. முருகேஸ்வரி அரவணையை விரலால் வழித்துத் தின்றாள். எனக்கு வந்தது கேக்கின் அடியில் இருந்த காகிதம். ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றேன். இந்த வருஷமும் அவள் உயிரோடு இருந்து, என்னைத் திட்டிக்கொண்டே கேக் சுடப்போகிறாள். அதற்கு அந்தக் காகிதத்தையே தின்றாலும் தகும்.