அக்காவின் ஒயர்கூடை

என் அக்கா லோகநாயகிக்கு மூச்சிரைப்பு. எங்கே கிளம்பினாலும் ஒயர்கூடையில், கரண்டில் ஓடி மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் இருக்கும். மின்வெட்டு உச்சத்திலிருந்த 2012இல், கடலூரிலும் சிதம்பரத்திலும் கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான் பஸ் ஏறுவாள். கல்யாண வீட்டில் மணமக்களைக்கூடப் பார்க்காமல், "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்பாள்.

"மானத்த வாங்காதக்கா" என்று நானே எரிந்து விழுந்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நேரங்கெட்ட நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வருவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

அவளைக் கிடத்த ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?"

சுவரில் செருகியபடியே இருந்த நெபுலைசர் ஒயரை நான்தான் பிடுங்கினேன்.