மூன்றாவது பிளேட்டைத் தேடித் தென்காசிக்கு

1962, ஆனி மாதம். காலை ஏழு மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினோம். வெயிலும் அடித்தது, தூறலும் விழுந்தது. சீசன் ஆரம்பமாகிவிட்டதாம். எங்களோடு இறங்கியவர்கள் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகக் குற்றாலத்துக்கு வண்டி பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடைக்கு வழி கேட்டேன். என் மனைவி லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள்.

என் பைத்தியம் கிராமபோன் நாடக பிளேட்டுகள். மதுரையில் எங்கள் வீட்டு அலமாரியில் புடவைக்கு இடமில்லை, அவ்வளவும் பிளேட்டுதான். பிளேட்டில் கேட்பது போதாது எனக்கு. ரிக்கார்டு எடுத்த அன்று உள்ளே என்ன நடந்தது, யார் இருமினார், யாருக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். நான்கு பிளேட்டு கொண்ட ஒரு செட்டில் மூன்றாவது மட்டும் என்னிடம் இல்லை. பஞ்சத்தில் பிழைக்கப் போன தகப்பன் வெறுங்கையோடு திரும்பும் கட்டம் அதில்தான் வருகிறது. வாசலில் நிற்கும் சிறுமி உள்ளே பார்த்து ஒரே ஒரு வரி சொல்வாள்: "அம்மா! அப்பா வந்தாச்சு! கையிலே ஒண்ணுமில்லே!"

அந்தச் சிறுமி வேறு யாருமில்லை, லோகநாயகிதான். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர் அவள் அப்பா. வரி இன்னதென்று அவள் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லிக்காட்டு என்று கெஞ்சாத நாளில்லை. மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அந்தச் சின்னக் குரலைச் சாவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. சென்ற சீசனுக்குக் குற்றாலம் வந்த நண்பர் ஒருவர், தென்காசிக் கல்யாண வீட்டில் அந்த நாடகம் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது என்று சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கடைக்காரர் காதர் பாய் ஒலிபெருக்கிக் குழாய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், லோகநாயகிதான் அந்தச் சிறுமி என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவள் போட்ட நிபந்தனை.

"விலைக்கா கேக்குதிய? அத வித்துட்டு இந்தப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்கு நான் போவேன் அண்ணாச்சி?"

"இங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"பிளேட்டுக்கும் ஆயுசு உண்டுல்லா? நாளைக்குக் கடையத்துல கல்யாணம். அங்கன வாங்க, ஆசை தீரக் கேளுங்க."

வேறு வழி? அதுவரை பொழுது போகக் குற்றாலம் கிளம்பினோம், மூன்று மைல். குதிரைவண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு இறங்கி வந்தார். பேரருவியில் பெண்கள் பக்கம் போனவள் திரும்பவேயில்லை. காவலுக்கு நின்ற நான் சாரலில் நனைந்து, பசியில் எரிச்சலாகி, இரண்டு முறை காபி குடித்துவிட்டேன். கடைசியில் பல் தந்தியடிக்க வந்து, பாறையோரம் கூந்தலைப் பிழிந்துகொண்டே, நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"மெட்ராஸ்ல சுவரெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்ட அறைங்க. மைக் எட்டலைன்னு மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல ஏத்தி நிறுத்தினாங்க. முதல்ல தும்மிட்டேன். அப்புறம் சிரிச்சுட்டேன். அப்புறம் வரியே மறந்துபோச்சு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மெழுகுத் தட்டு பாழ். அப்பா வந்து தொடையைத் திருகிட்டுப் போனார். அடுத்த தடவை அழுதுகிட்டே சொன்னேன். என்னமா நடிக்கிறா பாருன்னு எல்லாரும் கைதட்டினாங்க. அது நடிப்பில்லைங்க, வலி."

ரிக்கார்டு அறைக்குள் நடப்பதைக் கேட்க ஆசைப்பட்டவனுக்கு இது வேண்டியதுதான். நாளைக்குக் கடையம் போகவேண்டாம் என்றேன். "வந்தாச்சு, கேட்டுட்டே போவோம். அந்த அழுகை என்னை என்ன செஞ்சுடும்?" என்றாள்.

மறுநாள் காலை கடையத்துக்குப் பஸ், ஆளுக்கு நாற்பது நயா பைசா. கல்யாண வீட்டுப் பூவரசு மரத்தில் குழாய் கட்டியிருந்தது. முன்பின் தெரியாத எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் பந்தலில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம்: "பாய், நாடகத்தப் போடும்!"

மூன்றாவது பிளேட் ஏறியது. காலடிச் சத்தம் கேட்டது. படலைத் தள்ளும் சத்தம். நான் குழாய்ப் பக்கம் காதைத் திருப்பினேன். டக்கென்று ஊசி தாண்டியது. பாய் ஊசியைத் தூக்கிவிட்டு, பெண்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். பெண்வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளையைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்:

"யம்மா! அப்பா வந்தாச்சு! கையில ஒண்ணுமில்ல!"

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். நான் பாயிடம் ஓடினேன்.

"அந்த எடத்துல கீறல் அண்ணாச்சி, ரொம்ப நாளாச்சு. ஒரு கல்யாண வீட்டுல ஊசி தாண்டவும் பொம்பளையளே சொல்லிட்டாவ. அதுலேர்ந்து மாப்பிள்ளையக் கேலி பண்ணவே இதப் போடச் சொல்லுதாவ."

அந்தக் குரல் போயே போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. திரும்பிப் பார்த்தால், லோகநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் சொல்லுங்க மதினி, வெக்கப்படாதிய," என்று பக்கத்துப் பெண் அவள் தோளை இடித்தாள். பாய் இன்னொரு தடவை போட்டார். லோகநாயகியின் வாயும் அசைந்தது. அத்தனை குரலுக்கு நடுவே அவள் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

ரயிலில் மதுரை வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளோ வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தாள். விடிகாலையில் வீட்டு வாசலில் பூட்டைத் திறந்தேன். என் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறியவள், நிலையைப் பிடித்து நின்று, ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அம்மா! அப்பா வந்தாச்சு! கையிலே ஒண்ணுமில்லே!"

அழுகை துளியும் இல்லை. அவ்வளவும் கேலி.

"இன்னொரு தடவை," என்றேன்.

"கீறல் விழுந்துரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.