திரை இறங்காத ராஜினாமா

எங்க கம்பெனி லிஃப்டுகளைப் பராமரிக்கிற கம்பெனி. நான் ரிசப்ஷன்ல இருக்கேன். என் மேஜைக்கு நேர் எதிர்ல மேனேஜரோட கண்ணாடி ரூம். கண்ணாடிக்கு உள்பக்கம் சாம்பல் கலர்ல ஒரு திரை. அது மேல சுருண்டிருந்தா சாதாரண நாள். கீழ இறங்கினா யாரோ ராஜினாமா கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

இது இங்க எல்லாருக்கும் மனப்பாடம். எங்க இடத்துல வாயைத் திறந்து கேட்டு யாருக்கும் எதுவும் கிடைச்சதில்ல. "போறேன்"னு லெட்டர் கொடுத்தா மட்டும் மேனேஜர் கூப்பிட்டு உக்கார வெச்சு, திரையை இறக்கிட்டுப் பேசுவாரு. வெளிய வரும்போது ஒருத்தருக்கு சம்பளம் ஏறியிருக்கும், இன்னொருத்தருக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சிருக்கும். லெட்டரை மேனேஜரே கிழிச்சு என் பக்கத்துக் குப்பைக் கூடையில போடுவாரு. காலையில போறேன்னு கண் கலங்கினவங்க மத்தியானம் கேன்டீன்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பாங்க. வெக்கமாவது மானமாவது!

நான் சொல்ல வந்தது, ஒரு லெட்டர் கூடக் கொடுக்காம இங்கயே தலை நரைச்ச ஒரு மனுஷனைப் பத்தி. லிஃப்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டா போன் அவருக்குத்தான் வரும். எந்த மெக்கானிக் பக்கத்துல இருக்காருன்னு பாத்து அனுப்பி வைக்கணும். அந்தப் பக்கம் அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, இவரு ஒரே குரல்ல சொல்லுவாரு: "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு." கிளம்பின ஆள் அப்பதான் டீயை ஊதிக்கிட்டு இருப்பான். அதனால மெக்கானிக்குங்க அவருக்கு வெச்ச பேரே 'கிளம்பியாச்சு'. நான் மட்டும் அண்ணன்னு கூப்பிடுவேன். எங்க தெருவுலயே குடியிருக்காரு. அவர் மனைவி வீட்டுல தையல் மெஷின் வெச்சிருக்காங்க. என் துணியெல்லாம் அண்ணிகிட்டதான்.

அண்ணன் பஸ்ல தன் காலை மிதிச்சவன்கிட்டயே சாரி கேக்கிற ரகம். பெரிய வேலைக்காரர்னு நான் கதை விட மாட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரே விரலால தேடித் தேடித் தட்டுவாரு. சாப்பிட்டு முடிச்சதும் கண்ணு சொக்கும். ஊர்வம்பு காதுல விழுந்தா நாற்காலியோட உருண்டு வந்துடுவாரு. ஆனா அவருக்குள்ள ஒரே ஒரு ஆசை ஊறிக்கிட்டே இருந்துச்சு. அவரோட பிரிவுக்கு இன்சார்ஜ் ஆகணும். அந்த இடம் காலியாகும் போதெல்லாம் வெளியில இருந்துதான் ஆள் எடுப்பாங்க. வர்றவங்களுக்கு வேலை கத்துக் கொடுக்கிறது யாரு? அண்ணன்தான். ஒவ்வொரு தடவையும் அவரு ஒரு வாரம் டீ குடிக்க மாட்டாரு. அதுதான் அவரோட போராட்டம். அப்படி ஒரு போராட்டம் நடக்கிறதே என்னையும் டீ கொண்டு வர்றவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் அப்ப இருந்த இன்சார்ஜும் வேலையை விட்டுட்டாரு. அப்ப பெரிய மெக்கானிக் அண்ணனோட மேஜை மேல ஏறி உக்காந்து உபதேசம் பண்ணினாரு. லெட்டர் கொடுக்கிறதுல பெரிய மெக்கானிக் டாக்டர் பட்டமே வாங்கலாம். ஞாயித்துக்கிழமை லீவு, புது பைக் எல்லாம் அப்படி வந்ததுதான்.

"எத்தனை நாளைக்கு இப்படி டீயைத் தியாகம் பண்ணுவீங்க? ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. திரை தன்னால இறங்கும். 'போகாதீங்க, உங்களுக்கு என்ன வேணும்?'னு அவரே கேப்பாரு. அப்ப சொல்லுங்க."

அண்ணிக்கு இது பிடிக்கல. "நேரா போய்க் கேட்டா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"ன்னு கேட்டிருக்காங்க. மகளோட படிப்பு வேற முடியல. ஆனா நேரா போய்க் கேக்க அண்ணனுக்குத் துணிச்சல் வராது. லெட்டர்னா எழுதிக் கொடுத்துட்டா போதும், மீதியை மேனேஜரே பேசிப்பாருன்னு கணக்குப் போட்டுட்டாரு.

ஒரு திங்கக்கிழமை காலையில முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு கண்ணாடி ரூமுக்குள்ள போனாரு. நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். இறங்கும், இறங்கும்னு பாக்கிறேன், அது அசையவே இல்ல. மேனேஜர் லெட்டரைப் படிச்சாரு. எழுந்து நின்னாரு. சிரிச்ச முகமா அண்ணன் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. அவ்வளவுதான். ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிற நேரம் கூட ஆகல.

வெளிய வந்த அண்ணன் முகத்துல ரத்தமே இல்ல. "தங்கச்சி, வாழ்த்துகள்னு சொல்றாரு"ன்னாரு.

என்ன நடந்துச்சுன்னு அன்னைக்கு மத்தியானம் மீட்டிங்லதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. முந்தின வாரம் மேனேஜரை ஏதோ தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்காங்க. போறவங்களைப் பிடிச்சு நிறுத்தாதே, சந்தோஷமா வழியனுப்பு, இருக்கிறவங்க வந்து கேட்டா காது கொடுன்னு அங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க. "இனிமே லெட்டர் நாடகம் வேண்டாம். யாருக்கு என்ன வேணுமோ, நேரா வந்து கேளுங்க"ன்னாரு மேனேஜர். பின் வரிசையில அண்ணன் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. காலையில கொடுத்த லெட்டரை சாயங்காலம் வரைக்கும் பையில வெச்சிருந்தா, கொடுக்கவே வேண்டி இருந்திருக்காதே!

மறுநாளே பெரிய மெக்கானிக் நேரா போய்க் கேட்டாரு. இன்சார்ஜ் ஆயிட்டாரு. உபதேசம் பண்ணின வாய்க்கு அது கிடைச்சுது. அவரு அண்ணன் முகத்தைப் பாக்க முடியாம ரெண்டு நாள் பின் வாசல் வழியா வந்து போனாரு. "நீங்க எப்படியும் போறீங்கன்னுதானே..."ன்னு அவர் இழுத்தப்போ, "அதனால என்ன, நல்லா பண்ணுங்க"ன்னு அண்ணனே முதுகுல தட்டிக் கொடுத்தாரு. இந்த மனுஷனை என்ன செய்யிறது, சொல்லுங்க!

"போய் உண்மையைச் சொல்லி லெட்டரைத் திரும்ப வாங்குங்க"ன்னு நான் கத்தினேன்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டும்மா கேப்பேன்? போற ஆளுன்னதும் கை கொடுத்து அனுப்புறாங்க. போகாதன்னு சொல்ல யாருக்கும் தோணல. அப்புறம் என்ன இருக்கு?"

எந்தக் கம்பெனிக்குப் போறீங்கன்னு எல்லாரும் துளைக்க ஆரம்பிச்சாங்க. அண்ணனுக்குப் பொய் வராது. திக்கித் திணறி, "ஒரு எஸ்கலேட்டர் கம்பெனி"ன்னு சொல்லிட்டாரு. அப்புறம் கேக்கணுமா! "மேல போவாருன்னு பாத்தா படிக்கட்டுக்குப் போயிட்டாரே!"ன்னு மெக்கானிக்குங்க கலாய்ச்சுத் தள்ளினாங்க. வழியனுப்பு விழாவுக்குக் கேக் ஆர்டர் பண்ணினது நான்தான். மேனேஜர் மனசு விட்டுப் பேசினாரு. கம்பெனி முத்திரை போட்ட பயணப் பை ஒண்ணு கொடுத்தாங்க. பயணம் போக இடமே இல்லாதவரு அந்தப் பையில சாப்பாட்டு டப்பாவைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனாரு.

அவரு போனதும் ஆபீஸ் தலைகீழா ஆச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகல. லிஃப்டு பாட்டுக்கு ஏறிச்சு, இறங்குச்சு. போனை ஆளாளுக்கு மாத்தி மாத்தி எடுத்தாங்க. மாட்டிக்கிட்டவங்க கொஞ்சம் கூடுதலா அழுதாங்க, அவ்வளவுதான். அண்ணன் இல்லாட்டியும் நடக்கும்னு தெரிஞ்சது எனக்குப் பெரிய துக்கமா இருந்துச்சு.

அண்ணன் வேலை தேடி அலைஞ்சாரு. போற இடத்துல எல்லாம் சின்னப் பசங்க உக்காந்துக்கிட்டு, "உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப அதிகம் சார்"னு சொல்லி அனுப்பினாங்க. கிழவன்னு சொல்றதுக்கு இப்ப அதுதான் மரியாதையான வார்த்தை. அண்ணி தையல் மெஷினை மிதிச்சே வீட்டை ஓட்டினாங்க. ஒரு வார்த்தை குத்திப் பேசல. அதுவே அண்ணனுக்கு நெஞ்சுல கல்லா உக்காந்துச்சு.

இந்தப் பக்கம் அவரோட நாற்காலிக்கு ஆள் எடுக்கிற கூத்து ஆரம்பிச்சுது. புதுசா சேர்றவங்களுக்குப் பூங்கொத்து கொடுத்து வரவேற்கணும்னு அதே பயிற்சியில சொல்லியிருக்காங்களாம். முதல்ல ஒரு பையன் ஒத்துக்கிட்டான். சேர வேண்டிய நாள்ல போனை அணைச்சுட்டான். பூங்கொத்து என் மேஜையிலயே வாடிச்சு. அடுத்து ஒருத்தர் வந்தாரு, பூவை வாங்கினாரு, போட்டோ எடுத்தாரு, மத்தியானம் சாப்பிடப் போனாரு. போனவரு போனவருதான். அவரோட ஹெல்மெட் இன்னும் என் மேஜைக்கு அடியில கிடக்கு. அப்புறம் வந்த பொண்ணு நல்லா வேலை செஞ்சுது. சம்பள நாளுக்கு மறுநாள் அதையும் காணோம். மேனேஜர் பாவம், காலையில வந்ததும் ரூமுக்குப் போகாம, அந்த நாற்காலியில ஆள் இருக்கான்னுதான் முதல்ல எட்டிப் பாப்பாரு.

எனக்குப் பொறுக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை நேரா அண்ணன் வீட்டுக்குப் போய், "நாளைக்கே விண்ணப்பம் போடுங்க"ன்னேன்.

"என் வேலைக்கு நானே விண்ணப்பமா? ஊரு சிரிக்கும் தங்கச்சி."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனா உங்க வீட்டு வாடகையைக் கட்டுறான்?"

அண்ணி மெஷினை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. "போட்டுட்டு வாங்க"ன்னாங்க. போட்டாரு.

இண்டர்வியூவுல சாதாரண ஊழியர் ஒருத்தரும் உக்காரணும்னு புது விதி. என்னை உக்கார வெச்சாங்க. வர்ற எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைத்தான் கேக்கணும்னு இன்னொரு விதி. அண்ணன் அதே முழுக்கைச் சட்டையில வந்து நாற்காலி நுனியில உக்காந்தாரு. மேனேஜருக்கும் சங்கடம். தாளையே பாத்துக்கிட்டு படிச்சாரு.

"போன வேலையை ஏன் விட்டீங்க?"

அண்ணன் தரையைப் பாத்தாரு. திரும்ப எஸ்கலேட்டர்ல ஏறிடாதய்யான்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்.

"நீங்க போகாதீங்கன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சு லெட்டர் கொடுத்தேன் சார். நீங்க சொல்லல. அதான் போயிட்டேன்."

மேனேஜர் பேனாவைக் கீழ வெச்சாரு. "அப்ப எஸ்கலேட்டர் கம்பெனி?"

"அப்படி ஒண்ணு இல்ல சார்."

அப்புறம் மேனேஜர் சொன்னாரு: "எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தனை வருஷம் இருந்தவர் ஒண்ணுமே கேட்டதில்ல, முதல் தடவையா ஒண்ணு கேக்கிறாரு, அதைத் தடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சார் கேக்கல?"

நான் தாளை மேஜையில அடிச்சேன். "நல்லா இருக்கு! ரெண்டு பேரும் மனசுக்குள்ளயே பேசிக்கிட்டீங்க, நடுவுல அண்ணி மெஷினை மிதிச்சு கால் வீங்கினதுதான் மிச்சம். அடுத்த கேள்வியைக் கேளுங்க சார்."

வேலை கிடைச்சுது. இன்சார்ஜ் இல்ல, பழைய நாற்காலிதான். பழைய வருஷங்கள் எதுவும் கணக்குல வராது, புது ஆளு மாதிரி தகுதிகாண் காலம் வேற. பெரிய மெக்கானிக்குக்குக் கீழ வேலை. எனக்கு அது இன்னும் ஆறல. அண்ணன் பயணப் பையில சாப்பாட்டு டப்பாவோட வந்தாரு. நான் பூங்கொத்தைக் கொடுத்தேன். இத்தனை வருஷத்துல இந்த ஆபீஸ்ல அவருக்குக் கிடைச்ச முதல் பூ. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, ஒரு கையில பூவும் ஒரு கையில போனுமா, "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு"ன்னாரு. பெரிய மெக்கானிக் டீயைப் பாதியில வெச்சுட்டு அவரே கிளம்பிப் போனாரு.

சாயங்காலம் அண்ணன் பையை எடுத்துக்கிட்டு என் மேஜையைத் தாண்டினாரு. கண்ணாடி ரூம் கதவு படார்னு திறந்துச்சு. மேனேஜர் கிட்டத்தட்ட ஓடியே வந்தாரு. ஓடிப்போனவங்களைப் பாத்துப் பாத்து அரண்டு போயிருந்த மனுஷன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார். நேரமாச்சு."

"நாளைக்கு வருவீங்கல்ல?"

அண்ணன் நின்னாரு. மேனேஜரைப் பாத்தாரு. "வருவேன் சார்"ன்னாரு. என்கிட்ட போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லாம, லிஃப்டு நின்னுக்கிட்டு இருக்கிறதையும் பாக்காம, படியில இறங்கிப் போயிட்டாரு.

மறுநாள் அண்ணிதான் சொன்னாங்க. வீட்டுக்குள்ள வந்தவரு செருப்பைக் கூடக் கழட்டலையாம். வேலை எப்படி இருந்துச்சு, யாரு என்ன சொன்னாங்க, எதுவும் சொல்லலையாம். தையல் மெஷின் பக்கத்துல வந்து நின்னு, "நாளைக்கு வருவீங்கல்லன்னு கேட்டாருடி"ன்னு சொல்லிட்டு, அப்படியே உக்காந்து அழுதாராம்.