பெர்னாட் எழுதிய ஒரே சொல்

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பெர்னாட்டின் குரலைக் கேட்காமல் யாரும் தாலி கட்டியதில்லை, குழிக்குள் இறங்கியதுமில்லை. தோட்டத்து மண்டபமோ, மாதாகோயிலோ, மைக் அவர் கையில்தான். பக்கவாதம் அவரது வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, பசியை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவைத்தது.

மகள் எலைன் கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்றை வாங்கிவந்தாள். அட்டை முழுக்க ஏதோ பெரிய எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை அச்சிட்டிருந்தார்கள். வரிக்கு வரி அடித்தல், திருத்தல்.

“எவனோ கிறுக்கிப் போட்ட புக்கையா காசு குடுத்து வாங்கின?” என்றாள் தாய் லில்லியன்.

“டிசைன் லா மம்மி! பாருங்க டேடி, அவ்ளோ பெரிய ரைட்டரே இவ்ளோ அடிச்சிருக்காரு. தப்பா வந்தா பரவால்ல. இடது கையால எழுதுங்க.”

அவர் எழுத வேண்டியது ஒன்றுதான்: கடலோர மீன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன ஜெராமில் இருக்கும் தம்பி மரியதாஸைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் போய், ஆஸ்பத்திரியே கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய தம்பி. ஞாயிற்றுக்கிழமை போவதாக மனத்துக்குள் முடிவு செய்திருந்தார். வெள்ளிக்கிழமையே வாதம் முந்திக்கொண்டது. தன் மகள் கல்யாணத்தில் மைக் பிடிக்க அண்ணனை விட்டுவிட்டுக் கிள்ளானிலிருந்து டீஜேயைக் கூப்பிட்டவன் மரியதாஸ். “அவன் பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக்கூடாது” என்று அன்று அறிவித்தவர் பெர்னாட். அவருடைய அறிவிப்புகளிலேயே இதைத்தான் எல்லாரும் கவனமாகக் கேட்டிருந்தார்கள்.

தம்பியின் பெயரை எழுத மூளை வழிவிடவில்லை. பக்கம் பக்கமாக அடித்துத் திருத்தியபின் கோணல்மாணலாக ஒரு சொல் தேறியது: ஜெராம்.

“சீஃபூட்!” என்று கைதட்டினாள் எலைன். “டேடிக்கு ஜெராம் மீன் கேக்குது!”

இல்லை என்று தலையாட்டினார்.

“மீன் வேணாமா? நண்டு?”

மறுபடியும் ஆட்டினார்.

“எறாலு?”

“எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துருவோம்டி,” என்று லில்லியன் மூக்கைச் சிந்தினாள். “இவரு இன்னும் எத்தன நாளைக்குக் கேக்கப் போறாரு.”

மறுநாள் காரில் போனார்கள். மரியதாஸ் வீட்டுச் சந்து தெரிந்ததும் பெர்னாட் கண்ணாடியை ஓங்கித் தட்டினார்.

“கொஞ்சம் பொறுங்களேன். கட வந்துருச்சு,” என்றாள் லில்லியன்.

சந்து பின்னால் போய்விட்டது.

கடையில் காற்று வாங்கட்டும் என்று அவரது சக்கர நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். எலைன் பொறுமையாக முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையில் ஏதோ அசைந்தது. வாதம் வந்தபின் முதல் முறையாக உதடுகள் ஒன்றுகூடின. ம.

வாயைத் திறந்தார்.

எலைன் மீனை ஊட்டினாள்.