காது கொடுக்கிற வேலை

லோர்னா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய சொந்த அக்காவுக்கே ஒழுங்காகத் தெரியாது. "பிள்ளைங்க கட்டுரையில தப்புத் திருத்துறா" என்று மிச்சிகன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது தப்பு. அவள் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்தில் பேனா மாணவன் கையில்தான் இருக்கும். எழுதியதை அவனே வாய்விட்டு வாசிப்பான். லோர்னா கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள், பிறகு ஏதாவது ஒரு கேள்வி போடுவாள். அந்தக் கேள்வியில் பையனுக்குத் தன் கட்டுரை சட்டென்று பிடிபட்டுவிடும். காது கொடுத்துக் கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆளே கிடையாது.

அந்தக் காதுதான் போய்விட்டிருந்தது.

நவம்பர் வந்தால் நர்சிங் படிப்புக்கும் சட்டப் படிப்புக்கும் விண்ணப்பிக்கிற கூட்டம் படையெடுக்கும். ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் தன் கதையைச் சொல்லியாக வேண்டும். இருபது வயதுப் பிள்ளையிடம், உன் துக்கத்தை எழுதிக்கொண்டு வா, இடம் தருகிறோம் என்கிற உலகத்தை என்ன சொல்ல! புற்றுநோய் வந்த அம்மா, குடித்தே அழிந்த மாமா, பிரிந்துபோன வீடு என்று அரை மணிக்கு ஒன்றாக லோர்னா முன்னால் வந்து உட்காரும். முதலில் வீட்டுக்குப் போய் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அதற்கப்புறம் எதுவுமே உள்ளே இறங்கவில்லை. தலை தன் பாட்டுக்கு ஆடும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். ஒருநாள் கணவன் ரஸ், "ஹீட்டர் செத்துப்போச்சு" என்று வந்து நின்றான். "நல்லா இருக்கே, இதை இன்னும் கொஞ்சம் விரிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவைத்தாள்! ரஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மைய இயக்குநர் டெல்மர் பழைய சிநேகிதன். அவள் நிலைமையைப் பார்த்துவிட்டான்.

"ஒரு பருவம் லீவு போடு, லோர்னா. மூஞ்சியப் பாரு, வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

"வீட்ல உக்காந்து எதைக் கேக்கச் சொல்ற, சுவத்தையா?"

"கேக்காம இரேன் கொஞ்ச நாள்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் வேலையைப் பாரு."

பொய். கேட்கத் தெரிந்தவள் என்பதைத் தவிர அவளிடம் பெருமைப்பட வேறொன்றும் இல்லை. லீவு போட்டால் அதுவும் போய்விட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதுதான் பயம்.

அந்த வியாழக்கிழமை வெஸ்லி வந்தான். பால்பண்ணைப் பையன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். காகிதத்தைப் பிரித்துத் தாழ்ந்த குரலில் வாசித்தான். அப்பா, பனி, மாடு என்று சொற்கள் வந்தன, போயின. லோர்னா தலையாட்டினாள். முடிந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"நல்லா வந்திருக்கு. ஆனா அப்பா இறந்தது கடைசியில வருது பாருங்க, அதை முதல் பத்திக்குக் கொண்டு வந்துட்டா நல்லா இருக்கும். தேர்வுக்குழு நிறைய படிப்பாங்க. எடுத்த எடுப்புலயே பிடிக்கணும்."

வெஸ்லி முழித்தான். "எந்தக் குழு, மேடம்?"

"நீங்க எதுக்கு விண்ணப்பிக்கிறீங்க?"

"விண்ணப்பம் இல்ல, மேடம். நாளைக்கு அப்பாவோட அடக்கம். சர்ச்ல நான் பேசணும்."

அடக் கடவுளே! லோர்னாவுக்கு உள்ளங்கால்வரை கூசியது. அவன் கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பாள். காது சிவக்க, "மன்னிச்சுக்குங்க, நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்று அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். பாவி மகன், அவளிடம்!

"இல்லப்பா, தப்பு என்னோடது. நான் கேக்கவே இல்ல." லோர்னா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?"

அவன் தயங்கினான். "இனி என்னால முடியாது. நீங்க வாசிங்க. நாளைக்கு மத்தவங்க காதுல எப்படி விழும்னு பாக்குறேன்."

மாணவனுடைய காகிதத்தை மையத்து ஆள் வாசிப்பது அங்கே ஆகாத காரியம். லோர்னா வாங்கி வாசித்தாள். சொந்த வாயால் சொல்லும்போது எங்கே தப்பிப்பது? அப்பா தினமும் மாட்டுக்கொட்டகைக்குப் போகிற வழியில் மகனுடைய காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுப் போவாராம். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லையாம். திங்கட்கிழமை காலை கண்ணாடி சுரண்டப்படாமல் வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்துத்தான் மகன் கொட்டகைக்கு ஓடியிருக்கிறான். அந்த வரியில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை வாசித்தாள்.

"எதாவது மாத்தணுமா?"

"ஒரு வார்த்தைகூட வேணாம். இதே வரிசையில, மெதுவாப் படிங்க."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கை கொடுத்துவிட்டுப் போனான். அவள் நேரே டெல்மர் அறைக்குப் போனாள்.

"அந்த லீவைக் குடு."

டெல்மர் அவள் கண்ணைப் பார்த்தான். "அழுதிருக்க. நல்லதுதானே? பழைய லோர்னா திரும்பிட்டா போல."

"செத்தது திங்கக்கிழமை, அடக்கம் நாளைக்கு. அவ்வளவு பச்சையா வந்து உக்காந்தும், நானே என் வாயால படிச்சப்பறம்தான் எனக்குக் கேட்டுச்சு, டெல்மர்" என்றாள் லோர்னா. "அப்போ இந்த மாசம் பூரா என் முன்னாடி எத்தனை பிள்ளைங்க வாசிச்சுட்டுப் போச்சு, அதுங்களுக்கெல்லாம் காது குடுக்க யார் இருந்தா?"